வென்றவன் சுமக்கும் எடை

2025ஆம் ஆண்டு ஜனவரி மாதம் துபாய் நகரின் மோட்டார் ஓடுதளத்தில் இருபத்து நான்கு மணி நேரக் கார்ப் பந்தயமொன்று நடைபெற்றது. தமிழ்த் திரைப்பட நடிகர் அஜித் குமாரின் பெயரால் அமைந்த குழு அதிலே தன் பிரிவில் மூன்றாமிடத்தைப் பெற்றது. அச்செய்தி கல்முனைக் கரைக்கு வந்து சேரச் சில நிமிடங்களே பிடித்திருக்கும். நிந்தவூர் முதல் மருதமுனை வரை தேநீர்க்கடை வாங்குகளில் இருந்த இளைஞர்கள் கைப்பேசித் திரையைச் சூழ்ந்து கொண்டனர். ஆசிரியர் அறைகளிலோ வேறொரு குரல் கேட்டது: "பணக்காரன் பெற்றோலை எரிக்கிறான், பாமரன் கைதட்டுகிறான். இதிலே பேசுவதற்கு என்ன இருக்கிறது?"

பேசுவதற்கு நிறைய இருக்கிறது என்பதே எமது கட்சி. கைதட்டுகின்ற மாணவனும் தவறு செய்கின்றான். முகத்தைத் திருப்பிக் கொள்கின்ற ஆசிரியரும் தவறு செய்கின்றார். முன்னவன் பந்தயத்திலே வீரனை மட்டும் காண்கின்றான். பின்னவர் விரயத்தை மட்டும் காண்கின்றார். அங்கே எரிபொருள் எவ்வாறு அளக்கப்படுகின்றது, டயர் எவ்வாறு தேய்கின்றது, போட்டி விதிகள் யாருக்கு எந்தச் சுமையை ஏற்றுகின்றன என்பவற்றை இருவருமே கவனிக்கவில்லை. அவற்றைக் கவனித்தால், பந்தயத்தைப் பற்றி மட்டுமன்றி, நாம் வாழுகின்ற சமுதாயத்தைப் பற்றியும் சில உண்மைகள் வெளிப்படும்.

ஜி.டி. என்பது இத்தாலிய மொழியில் பெரும்பயணம் என்று பொருள்படும் இரு சொற்களின் சுருக்கம். நெடுந்தூரம் சுகமாகச் செல்லவல்ல காருக்கு ஒருகாலத்தில் இட்ட பெயர் அது. இன்று அப்பெயரால் ஓடும் பந்தய வண்டிகள் கடையில் விற்கும் கார்களின் உருவத்தை அடிப்படையாகக் கொண்டு ஆக்கப்பட்டவை. ஐந்நூறு குதிரைவலுவும் அதற்கு மேலும் உடைய இயந்திரம் பூண்டவை. ஆறு மணி, பன்னிரண்டு மணி, இருபத்து நான்கு மணி என ஓடுகின்ற இப்பந்தயங்களில் வேகம் மட்டும் வெற்றியைத் தராது. தாக்குப்பிடிக்க வேண்டும். எரிபொருள் கொள்கலம் ஏறத்தாழ நூறு லீற்றர் கொள்ளும். முழு வேகத்தில் ஓடினால் அது ஒரு மணி நேரமளவிலேயே வற்றிவிடும். ஆகவே இருபதுக்கு மேற்பட்ட தடவைகள் வண்டி நின்று நிரப்பிக் கொள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் நிமிடங்கள் போகின்றன. எவன் ஒரு சுற்றுக்குச் சில நூறு மில்லிலீற்றரை மிச்சம் பிடிக்கின்றானோ அவன் நாள் முடிவில் ஒரு நிறுத்தத்தை மிச்சம் பிடிக்கின்றான். அதனால் பந்தயத்தையே பிடித்து விடவும் கூடும்.

இந்த மிச்சம் எப்படி வருகிறது? வளைவு வருமுன்னரே காலை முடுக்கியிலிருந்து எடுத்து, வண்டியைத் தன் உந்தத்திலே சற்றுத் தூரம் ஓடவிட்டு, பின்னரே தடுப்பை மிதிக்கின்றான் சாரதி. முன்செல்லும் வண்டியின் பின்னால் ஒட்டிச் சென்று காற்றின் எதிர்ப்பைக் குறைக்கின்றான். வேகம் இருமடங்காயின் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பது பௌதிகம் படித்த மாணவர் அறிந்ததே. அவர்கள் பரீட்சைத் தாளில் எழுதிவிட்டு மறந்துவிடுகின்ற அந்தச் சமன்பாட்டை அங்கே சாரதியின் வலது பாதம் ஒவ்வொரு வளைவிலும் மீண்டும் எழுதிக் காட்டுகின்றது.

டயரின் கதையும் அத்தகையதே. பந்தய டயருக்குப் பள்ளவரிகள் இல்லை, வழுவழுப்பானது. எண்பது, நூறு பாகை சென்ரிகிரேட் வெப்பமளவில்தான் அது தரையைச் சரியாகப் பற்றும். அதனிலும் குளிர்ந்தால் வழுக்கும். அதனிலும் சூடேறினால் இளகித் தேய்ந்து போகும். நூறு லீற்றர் பெற்றோலின் நிறை ஏறத்தாழ எழுபத்தைந்து கிலோகிராம். எனவே கொள்கலம் நிறைந்திருக்கையில் டயர் அதிகம் தேய்கின்றது. கொள்கலம் வற்றிவருகையில் வண்டி இலேசாகின்றது, ஆனால் அப்போது டயர் களைத்துவிடுகின்றது. தேய்ந்து உதிரும் இறப்பர்த் துணுக்குகள் ஓடுதளத்தின் ஓரத்தில் சிறுவர் விளையாடும் போளைகளைப் போலத் திரண்டு கிடக்கும். அவற்றின் மீது சில்லு ஏறினால் வண்டி சறுக்கும். ஒரு தொகுதி டயரை ஒரு நிரப்புக்கு மேலும் ஓட்டுவதா, புதியதை மாட்டுவதா என்பது ஒவ்வொரு மணி நேரமும் எழுகின்ற வினா. இப்படியாக ஒரு வண்டி ஒரே இரவு பகலில் பல பத்து டயர்களைத் தின்றுவிடுகின்றது.

இதுவரை கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகும். நெடுநேரப் பந்தயம் என்பது வெறும் விரயம் அன்று. விரயத்தின் எல்லைக்குள்ளே நடத்தப்படுகின்ற மிக நுட்பமான சிக்கனம் அது. அந்தச் சிக்கனத்தின் அறிவு மனித உழைப்பின் சொத்து. அதை வெறுப்பதற்கு முற்போக்காளனுக்கு உரிமையில்லை. ஆனால் அந்தச் சிக்கனம் யாருக்கு விளையாட்டு, யாருக்கு விதி என்று கேட்கின்ற கடமை அவனுக்கு உண்டு.

அதை இப்போது கேட்போம்.

துபாய் ஓடுதளத்தின் ஒரு சுற்று 5.39 கிலோமீற்றர். முன்னணி வண்டிகள் ஒரு நாளில் ஏறத்தாழ அறுநூறு சுற்றுக்கள் ஓடுகின்றன. அதாவது மூவாயிரம் கிலோமீற்றருக்கும் மேல். நூறு கிலோமீற்றருக்கு ஐம்பது லீற்றர் என்று கணக்கிட்டால் வண்டியொன்றுக்கு 1,500 லீற்றர் அளவில் எரிபொருள் செலவாகும். இனி எமது கரைக்கு வருவோம். 2022ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் எரிபொருட் பங்கீட்டுக் குறியட்டை நடைமுறைக்கு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று விதிக்கப்பட்டது. துபாயில் ஒரு கார் ஒரு நாளில் எரித்ததை எமது ஊர் மேசன் தன் சைக்கிளுக்கு வாரப் பங்காகப் பெற்றிருந்தால், அது அவனுக்கு ஏழாண்டுகளுக்கு மேல் போதுமாயிருந்திருக்கும். நாளொன்றுக்கு முப்பது லீற்றர் மண்ணெண்ணெய் எரிக்கும் மீன்பிடிப் படகொன்று அதே அளவைக் கொண்டு ஐம்பது நாட்கள் கடலுக்குப் போய் வந்திருக்கும்.

இந்தக் கணக்கைக் கேட்டதும் ஆசிரியர் அறையிலுள்ள நண்பர் "பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதானே!" என்று எழுந்து நிற்பார். சற்றே அமருமாறு அவரைக் கேட்டுக் கொள்கிறோம். துபாயில் எரிந்த பெற்றோல் எரியாமல் இருந்திருந்தால் அது சாய்ந்தமருதுப் படகுக்கு வந்திருக்கப் போவதில்லை. 2022இல் எமது கரைக்கு எரிபொருள் வராமற் போனதற்குக் காரணம் பந்தயக்காரன் அல்லன். நாட்டிடம் டொலர் இல்லாமற் போனமையே காரணம். டொலர் இல்லாமற் போனதற்கும் காரணங்கள் இருந்தன. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஏனைய வரிகளும் குறைக்கப்பட்டன. அரச வருவாய் வீழ்ந்தது. பெருந்தொற்று வந்தது, உல்லாசப் பயணிகள் வரவில்லை. 2021இல் ஒரே இரவில் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டது. அம்பாறையின் வயல்கள் அதன் விலையைச் செலுத்தின. இவை யாவும் தனிமனிதன் ஒருவன் காரோட்டியதால் வந்தவை அல்ல. அரசியல் முடிவுகளால் வந்தவை. அரசியலைப் பேச அஞ்சுகின்றவனே பந்தயக்காரனைத் திட்டி மனஆறுதல் அடைகின்றான்.

அந்த மாதங்களை நாம் மறந்துவிடக் கூடாது. மார்ச் மாதத்தில் எரிபொருள் வரிசைகளில் நின்ற முதியவர்கள் வீழ்ந்து இறந்தனர். ஏப்ரல் 19ஆம் திகதி ரம்புக்கனையில் எரிபொருளுக்காகக் கூடிய மக்கள் மீது பொலிசார் சுட்டனர், ஒருவர் உயிரிழந்தார். ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் இல்லை என அரசு அறிவித்தது. கல்முனைக் கரையில் படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன. உழவு இயந்திரங்களுக்கு டீசல் தேடி விவசாயிகள் கலன்களோடு அலைந்தனர். உலகம் முழுவதிலும் தாக்குப்பிடிக்கும் பந்தயம் என்று எதை அழைக்கிறார்களோ அதை எமது மக்கள் ஓடுதளமின்றி, கைதட்டலின்றி, இருபத்து நான்கு மணிக்கும் மேலாக ஒரே இடத்தில் நின்றபடியே நடத்தினார்கள்.

இங்கே துபாய்ப் பந்தயத்தின் ஒரு வழக்கத்தை மாணவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். அத்தொடரில் ஒவ்வொரு குழுவும் தன் கொட்டகையிலே தானே எரிபொருள் நிரப்பிக் கொள்வதில்லை. எல்லோருக்கும் பொதுவான நிரப்பு நிலையம் ஒன்று உண்டு. பல கோடி பெறுமதியான வண்டியும் அங்கே வரிசையில் நின்றுதான் நிரப்ப வேண்டும். முன்னால் நிற்பவனை விலக்கிவிட்டுப் பின்னால் வந்தவனுக்கு நிரப்பிக் கொடுத்தால் அது மோசடி, தண்டனை உண்டு. எமது நாட்டின் நிரப்பு நிலையங்களில் 2022இன் முற்பகுதியில் நடந்தது என்ன? வரிசை ஒன்று வீதியில் நின்றது. இன்னொரு வரிசை பின்வாசலில் நின்றது. பின்வாசல் வரிசைக்குக் கலனும் செல்வாக்கும் போதுமாயிருந்தன. விளையாட்டுக்கு இருந்த நீதி வாழ்வுக்கு இருக்கவில்லை.

குறியட்டை வந்த பின் பின்வாசல் ஓரளவு மூடப்பட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பங்கீட்டைச் சற்று உற்று நோக்குங்கள். தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர். காருக்கு 20 லீற்றர். பஸ்ஸுக்கு 40 லீற்றர். ஒரு குடும்பத்தைச் சுமக்கும் காருக்கு 20 என்றால், ஐம்பது பேரைச் சுமக்கும் பஸ்ஸுக்கு அதன் இருமடங்கு மாத்திரமே! முச்சக்கர வண்டிக்காரனுக்கு அந்த ஐந்து லீற்றர்தான் அடுப்பில் உலை வைக்கும் அரிசி. காரின் சொந்தக்காரருக்கு அந்த இருபது லீற்றர் வசதி. அளந்தவர்கள் வண்டியின் வயிற்றை அளந்தார்கள். மனிதனின் வயிற்றை அளக்கவில்லை. கணினியும் குறியட்டையும் நவீனமானவை. அவற்றுக்குள் புகுத்திய எண்களோ பழைய வர்க்க நியாயத்தின் எண்கள். 2023 செப்டெம்பரில் அம்முறை நீக்கப்பட்டது. ஆயினும் அதன் பின்னாலிருந்த நியாயம் நீக்கப்படவில்லை.

இனி இக்கட்டுரையின் மையமான செய்திக்கு வருகிறோம். ஜி.டி. பந்தயத்தின் மூன்றாம் வகுப்பு 2006ஆம் ஆண்டில் தோன்றியது. வெவ்வேறு நிறுவனங்களின் கார்கள் வெவ்வேறு அமைப்புடையவை. ஒன்றுக்கு இயந்திரம் பின்னால், ஒன்றுக்கு நடுவில், ஒன்றுக்கு முன்னால். அவற்றை அப்படியே ஓடவிட்டால் வலியதே என்றும் வெல்லும், போட்டி இறந்துவிடும். ஆகவே அமைப்பாளர்கள் திறன்களைச் சமப்படுத்தும் ஒரு விதியை வைத்தார்கள். வேகமான காருக்கு எடையைக் கூட்டுவார்கள். இயந்திரத்துக்குச் செல்லும் காற்றைக் குறைப்பார்கள். வேண்டுமாயின் கொள்கலத்தின் அளவையும் குறைப்பார்கள். ஜப்பானின் பெருந்தொடர் போன்ற சிலவற்றில் வென்ற வண்டி அடுத்த போட்டிக்கு மேலதிக எடையைச் சுமந்தே வரவேண்டும். 2024 முதல் உலக வாகையர் தொடரின் ஜி.டி. வண்டிகளின் அச்சில் முறுக்குவிசையை அளக்கும் கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. ஒரு நிறுத்தத்துக்கும் மறு நிறுத்தத்துக்கும் இடையே எவ்வளவு சக்தி செலவிடலாம் என்பதற்கும் வரையறை உண்டு. எவரும் ஏய்க்க இயலாது.

பெரும் நிறுவனங்கள் இதனை ஏற்றுக்கொள்கின்றன. கோடீசுவரர்கள் இதனை ஏற்றுக்கொள்கின்றனர். "வலியவன் அதிக எடையைச் சுமக்காவிட்டால் போட்டி இல்லை" என்பதை ஓடுதளத்திலே அவர்கள் மறுபேச்சின்றி ஒப்புகின்றனர். ஓடுதளத்தை விட்டு வெளியே வந்து, "வருமானம் மிக்கவன் அதிக வரியைச் சுமக்கட்டும்" என்று நாம் கூறினால் மாத்திரம், அது முதலீட்டைக் கொல்லும், ஊக்கத்தைக் கெடுக்கும், கொடுங்கோன்மை என்கின்றனர்! விளையாட்டிலே நீதியாக இருப்பது வாழ்விலே எப்படிக் கொடுங்கோன்மையாகும்? இந்த வினாவுக்கு விடை கூறுமாறு நாம் அவர்களையே கேட்கிறோம்.

எமது நாட்டில் நடந்ததோ இதற்கு நேர்மாறானது. இங்கே எடை தோற்றவன் தலையில் ஏறியது. நெருக்கடியை ஈடுசெய்யப் பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 12 சதவீதமாயிற்று; செப்டெம்பரில் 15 ஆயிற்று; 2024 ஜனவரியில் 18 ஆயிற்று; அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த பெற்றோலும் டீசலும் அந்த வரிக்குள் வந்தன. பொருளை வாங்குபவன் யாராயினும் ஒரே வீதம். மருதமுனை நெசவாளியும் கொழும்பு மாளிகைக்காரனும் ஒரே வீதம். சம்பாதிப்பதையெல்லாம் செலவழித்தாலன்றி உயிர்வாழ முடியாதவனுக்கு அந்த வரி வருமானம் முழுவதன் மீதும் வீழ்கிறது. மிச்சம் பிடிக்க வல்லவனுக்கோ செலவழித்த பகுதியின் மீது மட்டும் வீழ்கிறது. சமவீதம் என்பது சமநீதி அன்று.

மண்ணெண்ணெயின் கதை இதனிலும் கசப்பானது. 2022 ஆகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டது. மண்ணெண்ணெய் யாருடைய எண்ணெய்? காருக்கு ஊற்றுவதில்லை. மின்சாரம் எட்டாத குடிசைக்கும் தோட்டத்து லயத்துக்கும் அது விளக்கு. எமது கரையில் அது சிறுபடகின் இயந்திரத்துக்கு உயிர். வேகமான வண்டிக்கு எடையைக் கூட்டுவது பந்தயத்தின் விதி; மிக மெதுவாகச் செல்லும் வண்டிக்கு எடையை நான்கு மடங்காக்குவது எமது திறைசேரியின் விதி. மானியம் உண்மையிலேயே களவு போகின்றதென்றால் களவை அடைப்பதுதான் வழி. மீனவனின் கலனை அடைப்பது வழியன்று. 2013இல் திறந்துவைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் அடைத்ததையும், அயற்கரையைக் கடல் அரித்ததையும் கண்முன்னே கண்டவர்கள் இவர்கள். துறைமுகத்தின் கடனும் இவர்கள் தலையில். எண்ணெயின் விலையும் இவர்கள் தலையில்.

டயருக்குள் இன்னொரு வரலாறு சுருண்டு கிடக்கிறது. 1876இல் பிரேசிலிலிருந்து கொண்டு செல்லப்பட்ட இறப்பர் விதைகள் இலண்டன் கியூ பூங்காவிலே முளைத்தன. அவற்றில் ஏறத்தாழ 1,900 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. மோட்டார் யுகம் அந்த மரத்தைத் தங்கமாக்கியது. தங்கம் லண்டனுக்குப் போயிற்று. பாலெடுக்கும் கத்தி மட்டும் களுத்துறையிலும் கேகாலையிலும் தொழிலாளியின் கையிலே தங்கிற்று. இன்றைய பந்தய டயரில் செயற்கை இறப்பரே மிகுதி என்பது உண்மை. ஆயினும் லொறியும் பஸ்ஸும் விமானமும் இன்றும் மரத்தின் பாலையே நம்பி ஓடுகின்றன. எமக்கு அயலிலுள்ள மொனராகலை மாவட்டத்திலும் இறப்பர் பரவியிருக்கிறது. விடியுமுன் மரத்தடிக்குச் செல்லும் அந்த மனிதனை எந்தக் கைப்பேசித் திரையும் காட்டுவதில்லை.

இந்த இறப்பரைக் கொண்டே இந்நாடு ஒருமுறை நிமிர்ந்து நின்றது என்பதையும் மாணவர் அறிய வேண்டும். 1952 டிசம்பரில் இலங்கையும் சீனாவும் ஓர் ஒப்பந்தம் செய்தன. ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பரை நாம் கொடுப்பது. 270,000 தொன் அரிசியை நாம் பெறுவது. கொரிய யுத்தத்தைச் சாட்டாக வைத்துச் சீனாவுக்கு இறப்பர் விற்கக் கூடாது என்று வல்லரசு தடுத்தது, உதவியை மறுத்தது. அன்றைய அரசு முற்போக்கு அரசு அன்று. ஆயினும் மக்களின் பசி அதனை நெருக்கியது, அது ஒப்பமிட்டது. 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவை மக்கள் சொத்தாயிற்று. 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் பிறந்தது. அந்நியக் கம்பனிகளின் எண்ணெய்க் கொட்டகைகள் அரசின் கைக்கு வந்தன. அதற்குப் பழியாக 1963இல் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. அதே தசாப்தத்தில் சோவியத் உதவியுடன் களனியிலே டயர் தொழிற்சாலை எழுந்தது. எண்ணெய், டயர், பஸ் ஆகிய மூன்றும் மக்களுக்கு உரியவையாய் இருக்க வேண்டும் என்ற கனவு ஒரு தலைமுறையின் கனவாய் இருந்தது. பின்னர் டயர் தொழிற்சாலை தனியார் கைக்குப் போயிற்று. எண்ணெய் விற்பனைக்கு 2003இல் இந்தியக் கம்பனியும் 2023இல் சீனக் கம்பனியும் வந்தன. அரச கூட்டுத்தாபனங்களில் ஊழலும் திறமையின்மையும் மலிந்தன என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் நோயாளிக்கு மருந்து கொடுப்பதற்குப் பதிலாக அவனுடைய வீட்டை விற்பது வைத்தியம் ஆகாது.

பந்தயத்தின் ஆதரவாளர் இங்கே ஒரு நியாயம் கூறுவர். "பந்தயத்தில் பிறக்கும் தொழில்நுட்பம் நாளை சாதாரண மனிதனின் வண்டிக்கு வரும், ஆகவே பந்தயம் மக்களுக்கும் பயன்படும்" என்பர். இதில் உண்மை உண்டு. பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் 2022 முதல் திராட்சை மதுவின் கழிவிலிருந்து வடித்த எரிபொருளே பயன்படுகிறது. மது அருந்தாத எமது ஊராரும் அதன் கழிவு காரோட்டுவதை ஆட்சேபிக்க மாட்டார்கள்! ஆனால் முழுக் கணக்கையும் பாருங்கள். பந்தயங்களுள் பெரியதான போர்முலா ஒன்று 2019இல் தன் கணக்கைத் தானே வெளியிட்டது. அதன் கரியமில வாயுவில் கார்கள் ஓடுவதால் வருவது 0.7 சதவீதம் மாத்திரம். பொருட்களை நாட்டுக்கு நாடு ஏற்றி இறக்குவதால் வருவதோ 45 சதவீதம். ஓடுதளத்திலே துளித்துளியாக மிச்சம் பிடிப்பவர்கள் ஆகாயத்திலே பீப்பாய் பீப்பாயாக ஊற்றுகின்றனர். டயர்த் தூளின் கதையும் அப்படியே. டயர் வெடிக்காமலிருக்கச் சேர்க்கும் ஓர் இரசாயனம் காற்றோடு கலந்து மாற்றமடைந்து, மழைநீரோடு ஓடி, வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒருவகைச் சல்மன் மீன்களைக் கொல்வதை 2020இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். அது பந்தயக் காரின் குற்றம் மட்டுமன்று. வீதியில் ஓடும் ஒவ்வொரு சில்லும் அதில் பங்காளி. மீனை நம்பி வாழும் கரையில் கற்பிக்கும் விஞ்ஞான ஆசிரியர் இதனை வகுப்பிலே பேசாமல் வேறெதனைப் பேசுவது?

நட்சத்திர வழிபாட்டைப் பற்றியும் ஒரு சொல். அஜித் குமார் மீது எமக்குப் பகையில்லை. தன் உழைப்பால் வந்த பணத்தைக் கொண்டு தான் விரும்பிய அபாயத்தை அவர் ஏற்கிறார். துபாயிலே அளித்த பேட்டியில் அவரே தன் இரசிகர்களை நோக்கி, தன் பெயரைக் கோஷமிடுவதை விட்டு அவரவர் வாழ்வைக் கவனிக்கும்படி அறிவுறுத்தினார். வழிபடுகின்றவர்கள் வழிபாட்டுப் பொருளின் பேச்சைக்கூடக் கேட்பதில்லை என்பதே வழிபாட்டின் இயல்பு. பந்தய ஓடுதளத்திலே தலைக்கவசமும் தீத்தடுப்பு ஆடையும் வைத்தியரும் மீட்பு வண்டியும் உண்டு. எமது இளைஞன் அந்தத் திரையைப் பார்த்துவிட்டு, தேய்ந்த டயர் பூட்டிய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, தலைக்கவசமின்றிப் பிரதான வீதிக்கு வருகின்றான். பாதுகாப்பில்லாத பந்தயம் என்ன செய்யும் என்பதைத் தியத்தலாவை கண்டது. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி அங்கு நடந்த கார்ப் பந்தயத்தில் வண்டியொன்று பார்வையாளர் மீது பாய்ந்து, ஒரு சிறுமி உட்பட ஏழு பேர் மாண்டனர்.

சில்லுகள் எதற்காக உருள வேண்டும் என்ற வினாவிலே எமது விவாதம் முடிகின்றது. பெரும்பயண வண்டி என்பது ஜி.டி. என்ற பெயரின் பொருள் அன்றோ? எமது கரையோர மக்களின் பெரும்பயணம் எத்தகையது? கொழும்பு வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளி இரவு முழுவதும் பஸ்ஸிலே குந்தியிருந்து, முதுகு உளைய, விடியலில் போய் இறங்குகின்றான். 1920களில் மட்டக்களப்பை வந்தடைந்த இருப்புப்பாதை அங்கேயே நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஈறாக இத்தனை சனத்தொகை இருந்தும் ஒரு தண்டவாளம் இல்லை. உருக்குச் சில்லு உருக்குத் தண்டவாளத்தில் உருளும்போது எதிர்ப்பு மிகக் குறைவு. ஒரு மனிதனை ஒரு மைல் நகர்த்தச் செலவாகும் எண்ணெயும் மிகக் குறைவு. தேய்ந்து கடலில் கலக்கும் டயரும் இல்லை. சிக்கனத்தைப் பற்றி எமக்குப் போதிக்கும் அதிகாரிகள் இந்தச் சிக்கனத்தை மட்டும் ஏன் நூறாண்டாகச் செய்யவில்லை?

2024 நவம்பர் வெள்ளத்திலே காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில், நீர் மூடிய வீதியில், உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வீடு திரும்பிய மத்ரஸா மாணவர்கள் வெள்ளத்தோடு அடித்துச் செல்லப்பட்டு மாண்டார்கள். வயலுக்கு உரிய வண்டியில் பிள்ளைகள் ஏறியது ஏன்? ஏறுவதற்கு வேறு வண்டி இல்லை. வண்டி செல்வதற்கு ஏற்ற வீதி இல்லை. அந்தப் பிள்ளைகளை நினைக்கும்போது, ஒரு நாட்டின் சில்லுகளை அளக்கும் கோல் வேகம் அன்று என்பது யாருக்கும் விளங்கும்.

ஆசிரியர்களே, பந்தயத்தைப் பேசுகின்ற மாணவனை அதட்டி உட்கார வைக்காதீர்கள். அவனைக் கரும்பலகைக்கு அழையுங்கள். ஒரு சுற்றுக்கு எத்தனை லீற்றர் என்று கணக்கிடச் சொல்லுங்கள். பின்னர் படகுக்கு எத்தனை, பஸ்ஸுக்கு எத்தனை, தலைக்கு எத்தனை என்றும் கணக்கிடச் சொல்லுங்கள். வேகமானவன் எடையைச் சுமக்கும் விதியை விளக்குங்கள். பிறகு வரவு செலவுத் திட்டத்தை அவன் கையிலே கொடுங்கள். வுளுச் செய்யும் நீரையும் அளவோடு பயன்படுத்தப் பழகிய வீட்டுப் பிள்ளைக்குச் சிக்கனத்தைப் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. அச்சிக்கனம் அவனிடமிருந்து மட்டுமே ஏன் கேட்கப்படுகிறது என்று கேட்கக் கற்பித்தால் போதும்.

மாணவர்களே, காரை ரசியுங்கள், அதில் பிழையில்லை. ஆனால் அந்த ஓடுதளத்தின் நீதியை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். பொதுவான நிரப்பு நிலையம், ஏய்க்க முடியாத அளவுகோல், வலியவன் தலையில் அதிக எடை ஆகிய மூன்றையும் வீதிக்குக் கொண்டு வாருங்கள். மீனவனின் மண்ணெண்ணெய்க்கும் விவசாயியின் டீசலுக்கும் முதலிடம் கேளுங்கள். பொத்துவில் வரை தண்டவாளம் கேளுங்கள். வென்றவன் எடையைச் சுமக்க வேண்டும் என்று கோடீசுவரர்களே விளையாட்டுக்காக எழுதிவைத்த சட்டத்தை, வாழ்வுக்காக எழுதும்படி கேட்பதற்கு எவரிடமும் நாம் அனுமதி பெறத் தேவையில்லை.